தொலைதூரத் தீவுகளின் வவ்வால்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவ்வால்களைப் பற்றிப் பேசப் போகும் பள்ளிகளிலும் வாசகர் கூட்டங்களிலும், பேச்சு தீவுகளைத் தொட்டதும் கேள்விகள் குவியும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான பதில்கள் இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவு, ரோட்ரிக்ஸ், மொரீஷியஸ் ஆகிய மூன்றைச் சுற்றியே இருக்கும். நியூசிலாந்தும் குவாமும் இடையில் வந்து போகும்.

தீவு வவ்வால்களுக்கென்று தனிக் கவலை எதற்கு? வவ்வால் எல்லா ஊரிலும்தானே இருக்கிறது?

கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கடல் நடுவே இருக்கும் தீவுக்கு மானோ நரியோ போய்ச்சேர வழியில்லை. பறக்கத் தெரிந்த ஒரே பாலூட்டி வவ்வால்தான். மனிதர் குடியேறுவதற்கு முன்பு நியூசிலாந்திலும் மொரீஷியஸிலும் ரோட்ரிக்ஸிலும் நிலத்துப் பாலூட்டி என்று இருந்தது வவ்வால் மட்டுமே. என்றோ வந்துசேர்ந்த சில வவ்வால்களின் சந்ததி அங்கேயே தங்கிப் பெருகி, உலகில் வேறெங்கும் இல்லாத தனி இனங்களாக மாறியிருக்கிறது.

அங்கே காட்டு மரங்களின் விதையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுவதும், பூக்களில் மகரந்தம் சேர்ப்பதும், இரவுப் பூச்சிகளைத் தின்பதும் பெரும்பாலும் இந்த ஓரிரு இனங்களின் வேலை. நிலப்பரப்பில் ஒரு காடு போனால் அடுத்த காட்டுக்குப் பறந்துவிடலாம். நூறு சதுர கிலோமீட்டர் தீவில் அடுத்த காடு கிடையாது. போதாக்குறைக்கு, பழந்தின்னி வவ்வால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். எண்ணிக்கை ஒருமுறை விழுந்தால் எழுந்து வரப் பல ஆண்டுகள் ஆகும்.

நம் காலத்திலேயே அழிந்துபோன தீவு வவ்வால் உண்டா?

உண்டு. அது அழிந்த நாளைக்கூடக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

கிறிஸ்துமஸ் தீவு ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தம் என்றாலும் இருப்பது ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில். பரப்பு 135 சதுர கிலோமீட்டர். செந்நண்டுகள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், அதே தீவுதான். அங்கே மட்டும் வாழ்ந்த ஒரு பூச்சித்தின்னி வவ்வாலின் அறிவியல் பெயர் பிபிஸ்ட்ரெல்லஸ் முர்ரேயி. எடை மூன்று நான்கு கிராம், நம் ஒரு ரூபாய் நாணயத்தின் கனம்தான். பட்டுப்போன மரங்களின் உரிந்த பட்டைக்கு அடியிலும் காய்ந்த தாழை ஓலைகளுக்குள்ளும் பகலில் ஒண்டிக்கிடக்கும்.

1984இல் ஆய்வாளர்கள் போனபோது தீவு முழுக்க அது சாதாரணமாகப் பறந்துகொண்டிருந்தது. 1990களில் சரிவு தெரிந்தது. முதலில் ஊர்ப்பகுதி இருக்கும் கிழக்குப் பக்கத்தில் காணாமல் போய், வருடத்துக்கு வருடம் மேற்கு நோக்கி ஒதுங்கியது. 2006இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம் என்று ஆஸ்திரேலிய அரசு பட்டியலிட்டது. 2009 ஜனவரியில், இந்த இனத்தை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வந்த வவ்வால் ஆய்வாளர் லிண்டி லம்ஸ்டன் குழுவினர் தேடியபோது, தெரிந்த ஒரே கூட்டத்தில் நான்குதான் இருந்தன. தீவு முழுவதும் சேர்த்தாலும் இருபதைத் தாண்டாது என்று கணித்தார்கள். மிச்சமிருப்பதைப் பிடித்து வளர்த்து இனப்பெருக்கம் செய்யாவிட்டால் சில மாதங்களில் முடிந்துவிடும் என்று எச்சரித்தார்கள்.

அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. குழு கூடியது, பேசியது, அறிக்கை கொடுத்தது. மீட்பு முயற்சிக்கான அனுமதியை அமைச்சர் அறிவித்தபோது ஜூலை பிறந்துவிட்டது. ஆகஸ்டில் வவ்வால் நிபுணர்கள் தன்னார்வலர்களாகத் தீவுக்குப் போய் வலை கட்டினார்கள், பொறி வைத்தார்கள், இரவெல்லாம் மீயொலிக் கருவியோடு காத்திருந்தார்கள். கருவியில் கேட்டது ஒரே ஒரு வவ்வாலின் குரல். அது எந்த வலையிலும் விழவில்லை. 2009 ஆகஸ்ட் 26க்குப் பிறகு அந்தக் குரலும் இல்லை. 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனம் அற்றுப்போனதாக அறிவித்தது.

ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் போன அந்த மாதங்களை என்னால் இன்றும் ஆறிய மனதோடு நினைக்க முடியவில்லை.

அது எதனால் அழிந்தது?

சந்தேகப் பட்டியல் நீளமானது. 1980களில் தீவுக்குள் நுழைந்த ஓநாய்ப் பாம்பு முதல் சந்தேகம். நம் வீட்டுச் சுவர்களில் ஏறும் வெள்ளிக்கோல் வரையனுக்கு நெருங்கிய உறவு அது. மரம் ஏறி, பட்டை இடுக்கில் தூங்குவதைப் பிடிக்கக்கூடியது. அடுத்தது மஞ்சள் பைத்திய எறும்பு. திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பகுதியில் 2022இல் ஆடுமாடுகளின் கண்ணைப் பதம் பார்த்ததாகச் செய்திகளில் அடிபட்டதே, அதே எறும்புதான். கிறிஸ்துமஸ் தீவில் அது பெருங்கூட்டங்களாகப் பெருகிக் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றது. இவை போக, கப்பலில் வந்த கருப்பு எலி, வீட்டிலிருந்து காட்டுக்குப் போன பூனை, பெரும் பூரான், பெயர் தெரியாத ஏதாவது நோய், எறும்புக்கு வைத்த மருந்து என்று ஒவ்வொன்றையும் யோசித்துப் பார்த்தார்கள்.

எதையும் கடைசிவரை நிரூபிக்க முடியவில்லை. பாம்பும் எலியும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் இந்த வவ்வாலைப் பொறுத்தவரை காரணம் தெரியாமல் போனதைவிட, காரணம் தெரியட்டும் என்று காத்திருந்ததே பெரிய கேடு.

முதலில் காரணத்தைக் கண்டுபிடித்து, பிறகு நடவடிக்கை எடுப்பதுதானே அறிவியல்?

பெரிய எண்ணிக்கையில் இருக்கும் உயிரினத்துக்கு அது சரி. சில நூறாகச் சுருங்கிவிட்ட தீவு இனத்துக்கு அது பொருந்தாது. உயிர் கையை விட்டுப் போன பிறகு வரும் ஆய்வு முடிவால் யாருக்கும் பயனில்லை. எண்ணிக்கை தொடர்ந்து விழுகிறது என்று தெரிந்தவுடன் ஒரு பகுதியைப் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். காரணத்தைத் தேடும் வேலை பக்கத்திலேயே நடக்கட்டும். இந்தப் பக்கத்தில் நான் வேறு எதையும் அழுத்திச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

இதற்குச் சான்று அதே கிறிஸ்துமஸ் தீவில், அதே காலத்தில் கிடைத்தது. அங்கே மட்டும் வாழ்ந்த நீலவால் அரணையும் லிஸ்டர் பல்லியும் வவ்வாலைப் போலவே வேகமாகக் குறைந்துகொண்டிருந்தன. 2009 முதல் தேசியப் பூங்கா ஊழியர்கள் காட்டில் கிடைத்தவற்றைப் பிடித்துக் கூண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். கொஞ்ச காலத்தில் காட்டில் இரண்டுமே இல்லாமல் போயின. கூண்டில் இருந்தவை தீவிலும் சிட்னி டாரோங்கா விலங்குக் காட்சிசாலையிலும் பெருகி ஆயிரத்தைத் தாண்டின. 2019இல் நீலவால் அரணைகளைக் கோகோஸ் தீவுக்கூட்டத்தில் ஒரு குட்டித் தீவில் விட்டிருக்கிறார்கள். காட்டு அரணை என்ற மூன்றாவது இனத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூண்டில் மிஞ்சிய கடைசிப் பெண் அரணை 2014இல் இறந்தது, அதற்கு இணை கிடைக்கவே இல்லை.

வவ்வாலை வளர்ப்பது பல்லியை வளர்ப்பதைவிடக் கடினம்தான், மறுக்கவில்லை. பறந்து பிடிக்கும் பூச்சியே உணவாகக் கொண்ட மூன்று கிராம் உயிரைக் கூண்டில் உயிரோடு வைத்திருக்கத் தனித் திறமை வேண்டும். அதனால்தான் ஐம்பது நூறு இருக்கும்போதே பழக ஆரம்பித்திருக்க வேண்டும்.

காப்பாற்றப்பட்ட தீவு வவ்வால் ஏதாவது இருக்கிறதா?

ரோட்ரிக்ஸ் பழந்தின்னி வவ்வால். இதைச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் தானாக வந்துவிடும்.

மொரீஷியஸுக்குக் கிழக்கே அறுநூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது ரோட்ரிக்ஸ், 108 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் காடு மூடியிருந்த தீவை விறகுக்கும் விவசாயத்துக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்குமாக மொட்டையடித்துவிட்டார்கள். 1970களில் அங்கே இருந்த பொன்னிற வவ்வால்கள் நூறுகூடத் தேறவில்லை. மிச்சமிருந்தவையும் ஒரு பள்ளத்தாக்கின் மரக்கூட்டத்தில் ஒண்டிக்கிடந்தன.

1976இல் பிரிட்டிஷ் இயற்கையாளர் ஜெரால்டு டரல் தம் குழுவோடு தீவுக்குப் போய்ச் சில வவ்வால்களைப் பிடித்து வந்தார். ஒரு பகுதி மொரீஷியஸில் வளர்ந்தது, ஒரு பகுதி இங்கிலீஷ் கால்வாயில் ஜெர்சி தீவிலுள்ள அவருடைய விலங்குக் காட்சிசாலைக்குப் போனது. அப்போது எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்திருக்கவில்லை. ஒரு புயல் அடித்தால் மொத்த இனமும் போய்விடும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. சொல்லிவைத்தாற்போல 1979இல் புயல் வந்தது. புயல் ஓய்ந்தபின் காட்டில் எண்ணியவை எழுபது.

புயல் வவ்வாலை நேரடியாக அடித்துக் கொல்வது பாதிதான். காற்று பூவையும் பிஞ்சையும் இலையையும் உருவிப் போட்டுவிடும். மரம் மறுபடி காய்க்கும்வரை தின்ன எதுவும் இருக்காது. பசியோடு தாழ்வாகவும் பகலிலும் பறந்து உணவு தேடும்போது நாய்க்கும் மனிதருக்கும் எளிதில் அகப்பட்டுக்கொள்ளும். அடர்ந்த காடு நடுவே பள்ளத்தாக்குகள் இருந்தால் அங்கே ஒதுங்கிக்கொள்ளலாம், மொட்டைத் தீவில் அதற்கும் வழியில்லை.

ஆகவே வவ்வாலுக்காகச் செய்த வேலையில் பெரும்பகுதி மரம் நடுவதுதான். நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் மரம் வளர்த்தார்கள். ஆடுமாடு புகாமல் வேலி போட்டார்கள். மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளை களை எடுத்து நாட்டு மரக்கன்றுகளை நட்டது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினார்கள், தம் தீவில் மட்டும் இருக்கும் விலங்கு என்ற பெருமை பிள்ளைகளுக்கு வந்தது. 2003இல் கலுண்டே புயல் மீண்டும் ஆயிரக்கணக்கில் குறைத்தது, மறுபடி ஏறியது. 2010களின் நடுவில் எடுத்த கணக்குப்படி எண்ணிக்கை இருபதாயிரம் அளவுக்கு வந்துவிட்டது.

கூண்டில் வளர்ந்த வவ்வால்களைத் தீவில் கொண்டுபோய் விட்டார்களா?

இல்லை, தேவைப்படவில்லை. காடு திரும்பியதும் காட்டு வவ்வால்களே பெருகிவிட்டன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல காட்சிசாலைகளில் வளர்பவை இன்றும் காப்பாகத்தான் இருக்கின்றன. பயன்படாமல் போனதால் அது வீண் செலவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1979 புயலில் எழுபதுக்குப் பதிலாக ஏழு மிஞ்சியிருந்தால் அந்தக் கூண்டுகள்தான் கதி.

இருட்டில் பறக்கும் வவ்வாலை எப்படி எண்ணுகிறார்கள்?

பழந்தின்னி வவ்வாலையும் பூச்சித்தின்னி வவ்வாலையும் எண்ணும் முறைகள் வேறு.

பழந்தின்னிகள் பகலில் மரத்தில் வெளிப்படையாகத் தொங்கும், மாலையில் கூட்டமாகக் கிளம்பும். ரோட்ரிக்ஸில் அத்தனை தங்குமரத் தோப்புகளிலும் ஒரே மாலையில் ஆள் நிறுத்தி எண்ணுவார்கள். தோப்புக்கு எதிர்ச் சரிவில் வானம் பின்னணியாகத் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு, கையில் விரலால் அமுக்கி எண்ணும் கருவியோடு, தாண்டிப் போகும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அமுக்கு. திரும்பி வருபவற்றைக் கழிக்க வேண்டும். ஒரே நேரத்தில் எண்ணுவது முக்கியம். இன்று இங்கே, நாளை அங்கே என்று எண்ணினால் இடம் மாறும் வவ்வால் இரண்டுமுறை கணக்கில் ஏறிவிடும். இப்போது வெப்பப்படக் கருவி பொருத்திய டிரோன்களும் வந்துவிட்டன. கழுத்தில் சிறு ஜிபிஎஸ் கட்டி, எந்த மரத்துக்குப் போகிறது என்று வரைபடம் போடுகிறார்கள்.

பூச்சித்தின்னிகள் நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் கத்தி, எதிரொலி கேட்டு வழியும் இரையும் கண்டுபிடிப்பவை. அந்த ஒலியைப் பதியும் கருவியைக் காட்டில் இரவெல்லாம் விட்டுவைத்தால் எத்தனை முறை வவ்வால் கடந்தது என்று தெரியும். எத்தனை வவ்வால் என்று தெரியாது: ஒன்றே நூறு முறை சுற்றியிருக்கலாம். ஆனாலும் ஆண்டுக்கு ஆண்டு ஒரே இடத்தில் பதிந்துவந்தால் ஏற்றஇறக்கம் புலப்படும். கிறிஸ்துமஸ் தீவில் ஒரு வசதி இருந்தது. எதிரொலி கொண்டு பறக்கும் வவ்வால் அங்கே அந்த ஒரே இனம்தான். கருவியில் விழும் ஒவ்வொரு குரலும் அதனுடையதே, குழப்பமே கிடையாது. ஆகையால் அதன் வீழ்ச்சி இவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருக்கிறது. அந்தத் துல்லியம் கையில் இருந்தும் இனம் போய்விட்டதே என்பதுதான் வேதனை.

பிடித்து ஆராய்வது வவ்வாலுக்குத் துன்பம் இல்லையா?

சரியாகச் செய்தால் சில நிமிடத் தொந்தரவோடு முடியும். சிறு வவ்வால்களுக்கு ஹார்ப் பொறி என்று ஒன்று உண்டு. ஆளுயரச் சட்டத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய நைலான் இழைகளை விரற்கடை இடைவெளியில் இழுத்துக் கட்டியிருப்பார்கள், பின்னால் சற்றுத் தள்ளி இன்னொரு வரிசை. முதல் வரிசையை உடல் சாய்த்து நுழைந்துவிடும் வவ்வால் இரண்டாவதில் முட்டி, இழைவழியே வழுக்கிக் கீழே தொங்கும் துணிப்பையில் இறங்கும். பையின் உட்பக்கம் வழுவழுப்பான பிளாஸ்டிக் மடிப்பு இருக்கும், அதற்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும், மேலே ஏற முடியாது. காயமே படாது.

வலை அப்படியல்ல. சிக்கிய வவ்வால் திமிறும், இழை இறக்கையை அறுக்கும். வலைக்குப் பக்கத்திலேயே ஆள் இருந்து உடனுக்குடன் எடுக்க வேண்டும். சினை முற்றியவற்றையும் குட்டி சுமப்பவற்றையும் முதலில் விட்டுவிட வேண்டும். எடை, முன்கை நீளம், ஆணா பெண்ணா, பல் தேய்வு, இறக்கையில் ஒரு துளி தோல் மாதிரி, அவ்வளவோடு நிறுத்திப் பிடித்த இடத்திலேயே விடுவது மரபு.

மொரீஷியஸில் அரசே வவ்வால்களைச் சுட்டுக் கொன்றதாமே, உண்மையா?

உண்மை. மொரீஷியஸ் பழந்தின்னி வவ்வால் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தது. லிச்சிக்கும் மாம்பழத்துக்கும் சேதம் என்று தோட்டக்காரர்கள் நெருக்கினார்கள். 2015 அக்டோபரில் சட்டத்தை மாற்றி, அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் 30,000க்கும் மேற்பட்டவற்றைச் சுட்டார்கள். 2016இல் இன்னும் 7,000க்கு மேல். 2018இலும் 2020இலும் மீண்டும் கொலை நடந்தது. நடுவில் 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை ஆபத்து வரிசையில் இன்னொரு படி மோசமான, அருகிவரும் இனம் என்ற நிலைக்கு மாற்றியது.

சுட்ட காலம் லிச்சி பழுக்கும் நவம்பர், டிசம்பர். தாய்கள் குட்டியைச் சுமந்தும் பாலூட்டியும் திரியும் பருவம் அது. ஒரு தாய் விழுந்தால் பெரும்பாலும் குட்டியும் சாகும், அது எந்தக் கணக்கிலும் ஏறாது. தொடக்கத்தில் எத்தனை வவ்வால் இருக்கிறது என்பதிலேயே அரசுத் தரப்புக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. மொத்தம் எவ்வளவு என்று ஒத்த கருத்து இல்லாமல் எத்தனையைக் கொல்லலாம் என்று முடிவுசெய்வது எந்த வகையில் சரி?

இத்தனைக்குப் பிறகும் தோட்டக்காரர்களின் லாபம் கூடவில்லை என்று அங்கே பணிபுரியும் சூழலியலாளர்கள் 2019இல் எழுதினார்கள். டோடோவும் பேராமைகளும் அழிந்துபோன அந்தத் தீவில் பெரிய விதைகளைத் தூக்கிச் செல்ல மிஞ்சியிருக்கும் பெரிய விலங்கு இதுதான். நல்ல நிலையிலுள்ள நாட்டுக் காடு மொரீஷியஸில் மிகச் சொற்பம். அதை நட்டுத் தருபவனைச் சுட்டார்கள் என்பதே நடந்தது.

ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து அச்சிடும் நாடு அது. அங்குள்ள தமிழ் வீடுகளிலும் முற்றத்தில் லிச்சி மரம் நிற்கும். இந்தப் பக்கத்தை அங்கிருந்து யாராவது படித்தால் அடுத்த பதில் அவர்களுக்காகவே.

தோட்டக்காரர் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. ஒரு வருட உழைப்பு ஒரு வாரத்தில் கடிபட்டுக் கீழே கிடந்தால் யாருக்கும் வயிறு எரியும். வவ்வால் பழம் தின்னாது என்று சொல்லித் தப்பிக்க முயலும் இயற்கை ஆர்வலர்மேல் எனக்கு மரியாதை இல்லை. தின்னும். மைனாவும் கிளியும் கொண்டைக்குருவியும் தின்னும். கனிந்து தானாக விழுவதும் உண்டு. விழுந்த எல்லாவற்றையும் வவ்வால் கணக்கில் எழுதுவதுதான் தவறு.

வலை போடுவதே நம்பகமான வழி. மரத்தை ஆண்டுதோறும் கவாத்து செய்து குட்டையாக வைத்தால் முழு மரத்தையும் மூடலாம். கண்ணி சிறிதாகவும் வலை விறைப்பாகவும் இருக்க வேண்டும். தொளதொளவென்று போர்த்திய பெரிய கண்ணி வலையில் வவ்வால் சிக்கிச் சாகும், பறவையும் பாம்பும்கூடச் சாகும். மொரீஷியஸ் அரசு வலைக்கு மானியம் கொடுத்தது. முற்றங்களில் நிற்கும் முப்பது நாற்பதடி மரங்களுக்கு அது எட்டவில்லை. அந்த மரங்களில் சில கிளைகளுக்கு மட்டும் பை கட்டி வீட்டுத் தேவைக்கு எடுத்துக்கொண்டு, உச்சியை வவ்வாலுக்கு விட்டுவிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

எலி அவ்வளவு பெரிய ஆபத்தா?

நியூசிலாந்தைப் பாருங்கள். தெற்குக் கோடியில் டௌகிஹெபா என்ற தீவில் 1964இல் கப்பல் எலிகள் பெருகியது தெரியவந்தது. எலியால் பெரிய கேடு வராது, அவசரப்பட வேண்டாம் என்று அப்போது சொன்ன விஞ்ஞானிகள் இருந்தார்கள். வனவுயிர்த் துறைக் களப்பணியாளர்கள் அதை ஏற்காமல், முதுகில் சேணம்போல் செம்பட்டை கொண்ட 36 பறவைகளைப் பிடித்து எலி இல்லாத பக்கத்துத் தீவுகளில் விட்டார்கள். அந்தப் பறவையினம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே தீவில் இருந்த பெரிய குட்டைவால் வவ்வாலை யாரும் இடம் மாற்றவில்லை. 1967க்குப் பிறகு அதை உறுதியாகப் பார்த்தவர் இல்லை.

குட்டைவால் வவ்வால்கள் இறக்கையை மடித்துக்கொண்டு தரையில் நடந்து, சருகுக்குள் புழுபூச்சி தேடுபவை. தரையில் வேட்டையாடும் பாலூட்டி இல்லாத நாட்டில் நீடித்த பழக்கம் அது. எலி வந்ததும் அதுவே எமனாயிற்று. ஆளில்லாத் தீவுக்குப் படகில் போகும் ஆய்வாளர்களின் மூட்டை முடிச்சை எல்லாம் பிரித்துக் கொட்டி எலி, எறும்பு, விதை இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

வேட்டையாடித் தின்றதால் அழிந்தவை உண்டா?

பசிபிக்கில் குவாம் தீவு. அங்குள்ள சமோரோ மக்களின் விருந்தில் பழந்தின்னி வவ்வாலுக்குத் தனி இடம் உண்டு. துப்பாக்கி வந்ததும் வேட்டை கட்டுமீறியது. குவாமில் மட்டும் இருந்த சிறிய இனத்தின் கடைசி வவ்வால் 1968இல் சுடப்பட்டது. உள்ளூரில் தீர்ந்ததும் மற்றத் தீவுகளிலிருந்து வரவழைத்தார்கள், அங்கேயும் குறைந்தது. 1980களின் இறுதியில் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்தபிறகே அது அடங்கியது.

நிபா போன்ற நோய் இருக்கும்போது வவ்வாலைக் காப்பாற்றச் சொல்வது சரியா?

மரத்தில் வவ்வால் தொங்குவதால் மட்டும் நமக்கு நோய் வந்துவிடாது. வெறுங்கையால் தொடுவது, கடிபட்ட பழத்தைத் தின்பது, மூடாத பானையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சாமல் குடிப்பது, இவற்றைத் தவிர்க்க வேண்டும். தோப்பை வெட்டுவதும் வெடி போட்டு விரட்டுவதும் ஆபத்தைக் கூட்டும். பசியும் பதற்றமும் கொண்ட வவ்வால்கள் வீட்டு மரங்களுக்குச் சிதறி வரும்.

களத்தில் இருப்பவர்கள் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு, தடித்த கையுறையும் முகக்கவசமும் அணிந்தே கையாள்கிறார்கள். முகக்கவசம் வவ்வாலுக்காகவும்தான். வெளியிலிருந்து ஒரு கிருமியோ பூஞ்சையோ போய்ச்சேர்ந்தால் சிறு தீவின் மொத்த இனத்துக்கும் தொற்றிவிடும்.

கிறிஸ்துமஸ் தீவில் இப்போது வேறு வவ்வால் மிச்சம் இருக்கிறதா?

ஒரு பழந்தின்னி இனம் இருக்கிறது. தீவுக்கே உரிய ஐந்து பாலூட்டிகளில் இரண்டு எலிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போய்விட்டன. மூஞ்சூறை 1985க்குப் பிறகு யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. பூச்சித்தின்னி வவ்வால் 2009இல் போனது. மிஞ்சியது இது மட்டுமே. பகலிலும் பறக்கும் பழக்கமுள்ள கரிய வவ்வால். நம் தெருக்களில் நிழலுக்கு வளர்க்கும் தேன்பழ மரம் அங்கேயும் பரவியிருக்கிறது, அதன் பழத்துக்கு ஆசையாக வரும். 1984இல் சுமார் ஆறாயிரம் என்று கணித்திருந்தார்கள், பிறகு பெருமளவு குறைந்தது. 2014இல் மிக ஆபத்தான நிலைப் பட்டியலில் சேர்த்தார்கள். பாஸ்பேட் சுரங்கம் உள்ள தீவு என்பதால் காட்மியம் போன்ற உலோகங்கள் உடலில் சேர்கின்றனவா என்று பார்த்து, சேர்வதைக் கண்டிருக்கிறார்கள். பூனைகளை அகற்றும் வேலை நடக்கிறது. இந்த இனத்துக்கு ஒரு காப்புக் கூட்டத்தை இப்போதே, ஆயிரக்கணக்கில் இருக்கும்போதே, வளர்க்கத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தியத் தீவுகளில் இப்படி ஏதாவது உண்டா?

நிக்கோபார் தீவுகளில் மட்டும் வாழும் பழந்தின்னி வவ்வால் இருக்கிறது, 1902இல் பெயரிடப்பட்டது. 2004 ஆழிப்பேரலை அந்தத் தீவுகளின் கடலோரக் காட்டை வழித்துக்கொண்டு போனது. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களும், பெரிய நிக்கோபாரில் தமிழ்நாட்டு முன்னாள் படைவீரர் குடும்பங்களும் குடியேறியிருப்பதால் இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. பெரிய நிக்கோபாரில் துறைமுகத் திட்டத்துக்காக 130 சதுர கிலோமீட்டர் காட்டை ஒதுக்கியிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் தீவு முழுவதுமே 135தான். அந்த மரங்கள் விழுமுன் அங்குள்ள வவ்வால்களின் தங்குமிடங்களைப் பல பருவங்களில் எண்ணிப் பதிவுசெய்ய வேண்டும், திட்டத்தையே மறுபரிசீலனை செய்வது அதைவிட நல்லது.

நான் கல்லூரி மாணவி. வவ்வால் ஆய்வுக்கு வர என்ன செய்ய வேண்டும்?

தீவுக்குப் போகக் காத்திருக்காதீர்கள். உங்கள் ஊரிலேயே ஆலமரத்திலோ புளியந்தோப்பிலோ பழந்தின்னிக் கூட்டம் இருக்கும். நம் சட்டத்தில் பழந்தின்னிகளைத் தீங்குயிர் என்று எழுதிவைத்த அட்டவணை 2022 திருத்தத்தில்தான் நீங்கியது. அதனால் பெரும்பாலான தங்குமரங்களுக்கு முறையான கணக்கே கிடையாது. மாதம் ஒரு மாலை, ஒரே இடத்தில் நின்று, சூரியன் மறைவதற்கு அரைமணி முன்பிருந்து கண் தெரியும்வரை எண்ணுங்கள். தேதி, மேகம், மழை, எந்தத் திசைக்குப் போயின, மரம் பூத்திருந்ததா காய்த்திருந்ததா என்பதையும் எழுதுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டால் உங்கள் பிழையளவு தெரியும். வவ்வாலைப் பிடிப்பதற்கு வனத்துறை அனுமதியும் தடுப்பூசியும் பயிற்சியும் வேண்டும், அவை இல்லாமல் தொடவே கூடாது. எண்ணுவதற்கு எதுவும் தேவையில்லை. விலங்கியலோடு புள்ளியியலும் படித்துவையுங்கள். மூன்று நான்கு ஆண்டுகள் விடாமல் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஆய்வு நிறுவனத்தின் வாசலுக்குப் போனால் உங்களை உள்ளே கூப்பிட்டுப் பேசுவார்கள்.